கழுவிவிட்டு வரச்சொன்ன கால்கள்

“பெரிய வியாழன் மாலைப் பூசையில் பாதம் கழுவும் சடங்குக்கு உட்காருகிறவர்கள், தங்கள் பாதங்களை வீட்டிலேயே நன்றாகக் கழுவி, நகம் வெட்டி, சுத்தமாக வரவும்.”

எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் இந்த வருடம் வந்த அறிவிப்பு இது. இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். கழுவுவதற்கு, கழுவிவிட்டு வர வேண்டுமாம்!

எவன் இப்படி எழுதினான் என்று கோபம் வருகிறதா? வரட்டும். எழுதியவன் நான்தான்.

வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் தம் கடைசி இராவுணவின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார். அதன் நினைவாக, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று பங்குச் சாமியார், அதாவது கோயில் பாதிரியார், பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்து, காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். எங்கள் பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள் — தெருவாரியான ஜெபக் குழுக்கள். குழுவுக்கு ஒருவர். இந்த வருடம் எங்கள் தெருக்காரர்கள் என் அப்பாவின் பெயரைக் கொடுத்தார்கள்.

அப்பா, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் மருந்து அடிப்பவர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலத் தண்ணீர். பந்தலுக்கு அடியில் நின்று மேல்நோக்கி அடித்தால் பாதி கொடிக்கு, பாதி அடிக்கிறவருக்கு. சேற்றில் செருப்பு வழுக்கும் என்று வெறுங்காலோடுதான் நிற்பார். இருபது வருடம். நகக்கண்ணிலும் பித்தவெடிப்பிலும் அந்த நீலம் ஏறி உட்கார்ந்துவிட்டது. சோப்புக்கும் போகாது, சுருளி அருவிக்கும் போகாது.

பெயர் வந்ததை அப்பா பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால், பெட்டியில் இருந்த புது வேட்டியை எடுத்துக் கஞ்சி போடச் சொன்னார். அம்மா சாயங்காலம்தோறும் எலுமிச்சை மூடியால் அவர் காலைத் தேய்த்தார். மாப்பிள்ளைக்கு நலுங்கு நடக்குது என்று தெருவே கேலி செய்தது. அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த காலை நீட்டுவார். அந்த நாற்காலியில் உட்கார அவருக்கு எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு பங்குப் பேரவைக் கூட்டம். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கம்ப்யூட்டரும் தெரியும். அதனால் லிஸ்ட் அடிக்கும் வேலை எனக்கு.

கூட்டம் ஜெபத்தோடு தொடங்கியது. பேரவைச் செயலாளர் கண்களை மூடி உருகினார் — ஆண்டவரே, எங்களுக்குத் தாழ்ச்சியைத் தாரும், அடுத்தவருக்குப் பணிவிடை செய்யும் உள்ளத்தைத் தாரும்... எல்லோரும் ஆமென் சொன்னோம். அந்த ஆமென் அடங்குவதற்குள் முதலாவதாக எதைப் பற்றிப் பேசினோம் தெரியுமா? கால்களைப் பற்றி! இந்த வருடம் யூடியூபில் லைவ். கோயிலுக்கு வெளியே பெரிய திரை. கால்கள் க்ளோசப்பில் வரும். ஆகவே, பார்க்கிற மாதிரியான கால்களாக இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் செயலாளர் என்னைத் தனியாக அழைத்தார்.

“தம்பி, தப்பா எடுத்துக்கிறாதீக. உங்கப்பா கால க்ளோசப்ல காட்டுனா நல்லாருக்காது. வெளிநாட்டுல இருக்குற நம்ம புள்ளைக எல்லாம் பாப்பாக. அவருக்குப் பதிலா நீங்களே உக்காந்துருங்களேன்.”

நான் என்ன செய்தேன்? மேசையைத் தட்டினேனா? இல்லை. “சரிங்கண்ணே” என்றேன். அப்பாவுக்கே கூச்சமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, லிஸ்டில் அவர் பெயரை அழித்தேன். என் பெயரை அடித்தேன். கையோடு அந்த அறிவிப்பையும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, அம்மா எலுமிச்சை மூடியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா தன் காலை ஒரு தடவை பார்த்தார். என் காலை ஒரு தடவை பார்த்தார்.

“நீயே உக்காருப்பா. படிச்ச காலுல்ல.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆனாலும் பெரிய வியாழனன்று கஞ்சி மொடமொடக்கும் வேட்டியோடு வந்துவிட்டார். வெந்நீர் தூக்கவும், சாமி கழுவும்போது செம்பில் மொண்டு ஊற்றவும் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, தானாகக் கேட்டு வாங்கிய வேலை. அதற்கு ஒருவரும் ஆட்சேபம் சொல்லவில்லை! கேமராவில் படாமல் ஓரமாக நின்று ஊற்றச் சொன்னார் செயலாளர். கழுவப்படுகிற கால்தான் அழகாக இருக்க வேண்டும். தண்ணீர் தூக்குகிற கால் எப்படி இருந்தால் என்ன?

வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் காலுக்குப் பவுடரே போட்டிருந்தார். நான் மட்டும் என்ன? காலையிலிருந்து மூன்று தடவை கல்லில் தேய்த்திருந்தேன்.

நான் பன்னிரண்டாவது ஆள். பேசின் நகர்ந்து நகர்ந்து என் முன்னால் வந்தது. எட்டிப் பார்த்தேன். பதினோரு பேரின் காலைக் கழுவிய தண்ணீர். அடியில் போட்டிருந்த பூ டிசைன், இதழ் இதழாகத் தெரிந்தது. ஒரு பொட்டு அழுக்கு இல்லை!

அப்படியென்றால், இவ்வளவு நேரம் சாமி எதைக் கழுவினார்?

பேசினுக்கு அந்தப் பக்கம், வாசலுக்கும் பீடத்துக்கும் வாளி தூக்கி நடந்ததில் புழுதி அப்பிய இரண்டு நீலக் கால்கள் நின்றுகொண்டிருந்தன.

எனக்குள் எதுவோ பற்றிக்கொண்டது. பீடத்தில் திராட்சை இரசத்தை உயர்த்திப் பிடித்து ஆராதிக்கிறோம். திராட்சைக்கு மருந்தடித்த காலைக் காட்ட மட்டும் வெட்கமா? ஆண்டவர் அன்று கழுவியது எந்தக் காலை? மீன் வாடையும் ரோட்டுப் புழுதியும் ஒட்டிய காலைத்தானே? யாராவது முன்கூட்டியே போய், நகம் வெட்டிவிட்டு வாருங்கள் என்று அந்தச் சீடர்களுக்குச் சொல்லிவைத்தார்களா?

எழுந்துவிட்டேன்.

“சாமி, இது எங்கப்பாவோட இடம்.”

தூணோரம் நின்ற செயலாளர், உட்கார் உட்கார் என்று கையை அமுக்கினார். அப்பா பல்லுக்கிடையில் கிசுகிசுத்தார். “ஏலே, உக்காருலே. எல்லாரும் பாக்காக.”

நான் அவர் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டேன். முழங்காலில் நின்ற சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. புதிதாக மாற்றலாகி வந்தவர், கொஞ்சம் கனத்த உடம்பு.

“யாராச்சும் ஒருத்தர் உக்காருங்கய்யா. எனக்கு முட்டி வலிக்குது.”

அப்பா உட்கார்ந்தார். நான் ஊற்றினேன். பேசின் தண்ணீர் முதன்முறையாக நிறம் மாறியது. புழுதி போனது. நீலம் போகவில்லை. சாமி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பிறகு துண்டால் ஒற்றி, முத்தமிடக் குனிந்தார். அப்பா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

“வேணாஞ் சாமி. அது தோட்டத்து மருந்து. வாய வச்சிறாதீக.”

சாமி நிமிர்ந்து, எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டார். இருபது என்றார் அப்பா.

“இருபது வருசம் நீங்க தாங்கியிருக்கீங்க. நான் ஒரு நிமிசம் தாங்க மாட்டேனா?”

குனிந்து முத்தமிட்டார்.

தயவுசெய்து என்னைப் பாராட்டி யாரும் கடிதம் போட்டுவிடாதீர்கள். பெயரை அழித்த விரல் இதே விரல்தான். தாழ்ச்சியைத் தாரும் என்று கேட்டபோது ஆமென் சொன்ன வாயும் இதே வாய்தான். கேட்டதை ஆண்டவர் நம் தெருவிலேயே, நம் வீட்டிலேயே தந்தால், அது கேமராவுக்கு நன்றாக இருக்காது என்று திருப்பி அனுப்புகிறோம். இதற்குப் பெயர் ஜெபமா?

பூசை முடிந்து வெளியே வந்தபோது, லைவையே கெடுத்துவிட்டதாகச் செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா மட்டும் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “படிச்ச காலு நனையாமலே போச்சேப்பா.”

அந்த வீடியோ இன்னும் யூடியூபில் இருக்கிறது. பதினோரு பேரின் கால்கள், க்ளோசப்பில், பளபளவென்று. அப்பா உட்கார்ந்ததும் கேமரா சட்டென்று மேலே போய்விடுகிறது. தவக்காலத்துக்காக ஊதாத் துணி போட்டு மூடிய சிலுவையை, அவர் எழுந்து போகும்வரை காட்டிக்கொண்டே இருக்கிறது...

ஆண்டவர் அந்த நேரம் கீழே இருந்தார்.