ஞாயிற்றுக்கிழமை வீரம்

என் பேத்திக்கு எட்டு வயது. பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் உள்ள பாசம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்துவிடும். என் மகன் வீடியோ காலைப் போட்டு, செல்போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவான். பெற்றவர்களோடு பேசும் வேலையை மகளிடம் தள்ளிவிட்ட நிம்மதி அவனுக்கு. கேட்க ஓர் ஆள் அகப்பட்ட சந்தோஷம் எனக்கு.

நான் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டர் வேலை. வருகிறவர்கள் சொல்லும் புகாரை எழுதுவது, பதிவேடுகளை ஒழுங்காக வைப்பது, தபால் அனுப்புவது. இதையெல்லாம் ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது? அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு திருடனைத் துரத்தினேன். அடுத்த வாரம் இரண்டு பேர். மூன்றாம் மாதம் ஓடுகிற லாரியில் தாவி ஏறிவிட்டேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். "லாரி ஓடிக்கிட்டு இருந்துச்சா, நின்னுக்கிட்டு இருந்துச்சா? சரியாச் சொல்லுங்க, பிள்ள நம்புதுல்லா."

நான் காதில் வாங்கவில்லை.

பழியை என்மேல் மட்டும் போடக் கூடாது. பேத்திக்கு இன்னொரு தாத்தா இருக்கிறார், மருமகளின் அப்பா. புளியறையில் மலையடிவாரத்தில் தோப்பும் கொஞ்சம் வயலும் வைத்திருக்கிறார். அவருக்கு ஞாயிறு சாயங்காலம் வீடியோ கால் போகும். தோப்புக்குள் வந்த ஒற்றை யானையை, தகர டின்னைத் தட்டியே தன்னந்தனியாகக் காட்டுக்குள் விரட்டினாராம். சம்பந்தி யானையை விரட்டும்போது நான் தபால் ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா?

இந்த மே மாதக் கடைசியில் சாரல் முந்திக்கொண்டது. அப்போது பேத்தி லீவுக்குத் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அருவியில் குளிக்க வைக்கிறேன் என்று குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் மெயின் அருவியில் வெள்ளம். கயிறு கட்டி, யாரையும் கிட்டே விடாமல் நிறுத்தியிருந்தார்கள். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் எண்ணெயோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, நீங்க போலீஸ்தானே? போய்ச் சொல்லுங்க, நம்மள மட்டும் விடுவாங்க" என்றாள் பேத்தி.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் முட்டி வலிக்கிறது என்று சொல்லித் திரும்பியிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கயிற்றுக்குப் பக்கத்தில் போனேன்.

காவலுக்கு நின்ற இளம் கான்ஸ்டபிள், "ஐயா, தண்ணி கல்லையும் உருட்டிக்கிட்டு வருது. யாரா இருந்தாலும் விட முடியாது" என்றார்.

"நானும் டிபார்ட்மெண்ட்தான் தம்பி."

"அப்பம் உங்களுக்கே தெரியுமே ஐயா."

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சத்தம் கேட்டு ஒரு பெண் எஸ்.ஐ. திரும்பினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் ஸ்டேஷனில் இருந்தவர். "ரைட்டர் ஐயாவா" என்று சந்தோஷமாக வந்து சல்யூட் அடித்தார். பேத்தியின் முன்னால் குனிந்தார்.

"உங்க தாத்தா எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும் பாப்பா. காலையில சேர்ல உட்கார்ந்தாங்கன்னா சாயங்காலம்தான் எழும்புவாங்க. ஸ்டேஷனுக்குள்ள அடிதடி நடந்தாக்கூட பேனாவைக் கீழ வைக்க மாட்டாங்க."

மனதாரப் பாராட்டினார். அதுதான் கொடுமை.

"அப்போ திருடனைப் பிடிக்கிறது?" என்று கேட்டாள் பேத்தி.

"அதுக்குத்தான் நாங்கள்லாம் இருந்தோம்லா."

திரும்பி வரும்போது ஆட்டோ இலஞ்சியைத் தாண்டியதும் அவள் மெதுவாகக் கேட்டாள். "லாரியும் பொய்யா?"

"லாரி இருந்துச்சு. ஸ்டேஷன் வாசல்ல நின்னுச்சு."

வீட்டுக்கு வந்ததும் என் போனை எடுத்துப் புளியறைக்குப் போட்டாள். ஸ்பீக்கரையும் போட்டாள்.

"தாத்தா, யானையை நிஜமாவே நீங்கதான் விரட்டினீங்களா? தென்காசி தாத்தா பொய் சொன்னதை ஒத்துக்கிட்டார்."

அந்தப் பக்கமிருந்து சம்பந்தியின் குரல் வந்தது. "இங்கன மழை பெய்யுதும்மா, லைன் சரியாக் கேக்கல."

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "கட்டிலுக்கு அடியில கிடந்தீயல்லா, அதைச் சொல்லுங்க."

அன்று எனக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பேத்தி முறைத்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் அவளாகவே வந்தாள். "சரி, நீங்க என்னதான் எழுதினீங்க?"

ஒரு புகாரைச் சொன்னேன். ஓர் அம்மா ஸ்டேஷனுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் நாய்க்கு அவள் புருஷன் பெயரை வைத்துவிட்டார். தினமும் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி நாயைத் திட்டுகிறார் என்று புகார். நாங்கள் அவரைக் கூப்பிட்டு நாயின் பெயரை மாற்றச் சொன்னோம். அவரும் மாற்றினார். புதுப் பெயருக்கு நாய் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட அனுமதி வேண்டும் என்று அவர் ஒரு மனு கொண்டுவந்தார். அதையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

பேத்தி பாயில் உருண்டு சிரித்தாள். இரண்டாம் தடவை சொல்லச் சொன்னாள். லாரிக்கு அவள் இப்படிச் சிரித்ததும் இல்லை, திரும்பக் கேட்டதும் இல்லை.

ஊருக்குப் போகும்போது, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று இரண்டு தாத்தாக்களுக்கும் கண்டிஷன் போட்டுவிட்டுப் போனாள்.

ஐந்தே வாரத்தில் என் சரக்கு தீர்ந்துவிட்டது. நான் எழுதியதில் மீதியெல்லாம் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன், வரப்பை வெட்டிய அண்ணன் தம்பி, வீட்டுக்குத் திரும்பாத பெண்பிள்ளை. எட்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லும்படி இந்த ஊர் அதிகமாக ஒன்றும் செய்துவிடவில்லை.

கல்யாணம், துஷ்டி என்று நல்லது கெட்டதுக்குத் தவிர வேறெதற்கும் போன் பேசாத சம்பந்தியை முதல் முறையாக நானே கூப்பிட்டேன். "அண்ணாச்சி, உண்மையா நடந்தது எதுவும் உங்ககிட்ட மிச்சம் இருக்கா?"

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். எனக்குப் போன வாரமே தீந்துபோச்சு. ஒரு நாள் இங்கன வாங்க, சேர்ந்து யோசிப்போம்."

போனேன். கேரளா போகும் ரோட்டில் செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு புரோட்டாக் கடையில் உட்கார்ந்து, வரிசையில் நின்ற லாரிகளைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் யோசித்தோம். இரண்டு பேர் ஆயுசிலும் தேடியதில் குழந்தையிடம் சொல்லும்படியாக ஒன்றே ஒன்று தேறியது. எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தன்று இரண்டு வீட்டாரும் தாலியை மறந்துவிட்டு மண்டபத்துக்கு வந்தது.

அதைக் காலையில் நான் சொல்வதா, சாயங்காலம் அவர் சொல்வதா என்று தென்காசி பஸ் வரும்வரை சண்டை போட்டோம்.