எதிரி ஜெயிக்க வேண்டும் என்று அரியலூர் போன கதை

மாசிக் கடைசியில் மூன்று நாள் பெரம்பலூர், அரியலூர், கங்கைகொண்ட சோழபுரம் என்று சுற்றி வந்தோம். சென்னையில் அக்கம்பக்கத்தில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். அது முழுப் பொய்யும் இல்லை, கடைசி நாள் கோயிலுக்கும் போனோம். ஆனால் கிளம்பியது கால்பந்துக்காக.

நான் குரும்பலூரில் பிறந்தவள். என் கணவர் சரவணன் அரியலூர்க்காரர். எங்கள் பக்கம் இரண்டு மாவட்டத்து ஊர்களும் சேர்ந்து ஆடுகிற ஒரு லீக் உண்டு. அதில் இரண்டாம் டிவிஷனில் என் அணி குரும்பலூர் ப்ளூ பாய்ஸ், அவர் அணி அரியலூர் ரெட் ஸ்டார். கல்யாணப் பத்திரிகை அடித்த நாளிலிருந்து இந்தச் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஓர் அணிதான் முதல் டிவிஷனுக்கு ஏற முடியும். எங்கள் அணி இதுவரை ஏறியதே இல்லை. இந்த ஆண்டு முதலிடத்துக்கு ஒரே ஒரு புள்ளிதான் குறைவு, கடைசி ஆட்டம் சொந்த ஊரில். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் அரசுப் பேருந்து ஏறினோம். ஒருவருக்கு முந்நூறு ரூபாயை ஒட்டி வந்தது. பதினொன்றரைக்குப் பெரம்பலூர். இங்கே ஒரு விஷயம்: திருச்சி போகிற பேருந்துகள் பலவும் ஊருக்குள் வராமல் நான்கு ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து குரும்பலூர் துறையூர் சாலையில் எட்டு கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, சரவணனுக்கு உண்டு. அதைச் சொல்லிக் காட்டாமல் நான் ஒருநாளும் இறங்கியதில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. ஜெயித்திருந்தால் முக்கால்வாசி ஏறியிருப்போம். ஒன்றுக்கு ஒன்று டிரா. மைதானமே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. பிறகு யாரோ கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: இப்போது ஜெயங்கொண்டமும் நாங்களும் சமப் புள்ளி, கோல் கணக்கில்தான் நாங்கள் மேலே; அவர்களுக்கு மறுநாள் ஒரு ஆட்டம் பாக்கி. அதில் அவர்கள் ஜெயித்தாலும் டிரா செய்தாலும் எங்களைத் தாண்டிவிடுவார்கள். தோற்றால் மட்டும் நாங்கள் மேலே.

ஜெயங்கொண்டம் யாரோடு ஆடுகிறது? அரியலூர் ரெட் ஸ்டாரோடு, அரியலூரில்.

சரவணன் முகத்தில் வந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஆக, நாளைக்கு நீங்க எல்லாரும் எங்க டீமுக்குக் கை தட்ட வரீங்க" என்றார்.

ஞாயிறு பகல் ஒன்றரைக்கு ஒரு வேன் பிடித்தோம். தலைக்கு நூற்றைம்பது ரூபாய், போக வர. பதினாறு பேர் நீலச் சட்டை. சரவணன் மட்டும் சிவப்பு. பதினெட்டாவதாக ஏறியவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் ஜாகிர் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், நெடுங்காலம் குவைத்தில் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். திரும்பியதிலிருந்து ப்ளூ பாய்ஸ் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. முன்சீட்டை அவருக்கென்றே விட்டுவைத்திருந்தோம்.

அவர் வெள்ளைச் சட்டையில் வந்ததற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகன் ஆசிப் நான்கு ஆண்டு எங்கள் கோல்கீப்பராக இருந்தவன். சென்ற ஆண்டு பயிற்சியாளர் வேறு பையனைக் கொண்டுவந்து இவனைப் பெஞ்சில் உட்கார வைத்தார். ஆசிப்புக்கு ஜெயங்கொண்டத்தில் ஒரு பைக் ஷோரூமில் வேலை கிடைத்தது, அந்த ஊர் அணியே அவனைச் சேர்த்துக்கொண்டது. இப்போது அவன் பச்சைச் சட்டை. அன்றைக்கு அவன் நிறைய பந்து பிடித்தால் நாங்கள் கீழே.

"நீலமும் போட முடியல, பச்சையும் போட முடியல. பொட்டியில இதுதான் இருந்துச்சு" என்றார் பாய்.

நான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். "ஏன் பாய், பேசாம அந்தப் பக்கம் போய் உக்காந்துடலாம்ல? யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நான் குவைத்துல இருந்தப்ப புள்ள ஆடுறத நேர்ல பாத்ததே இல்லம்மா. வெள்ளிக்கெழம லீவுல ரூம்ல படுத்துக்கிட்டு போன்ல பாப்பேன். எடுத்து அனுப்புனது யாரு? ஒங்க ஆளுங்கதான். மழயில குடைய புடிச்சிக்கிட்டுகூட எடுத்து அனுப்புவாங்க. இப்ப அவன் வேற சட்ட போட்டுட்டான்னு நான் எந்திரிச்சுப் போயிட முடியுமா?"

பின்சீட்டில் பாட்டுப் போட்டிருந்தவர்கள் சத்தத்தைக் குறைத்தார்கள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிற லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சன்னலோரம் உட்கார்ந்தால் முகத்துக்குத் துணி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஓட்டுநர் அரியலூர்க்காரர். ஊர் எல்லையில் வண்டியை ஓரம் கட்டினார்.

"இந்த நீலச் சட்டைய வச்சுக்கிட்டு உள்ள போனா என் வண்டிக் கண்ணாடிக்கு யாருங்க பொறுப்பு?"

"இன்னிக்கு நாங்க ஒங்க கட்சிதாண்ணே" என்றேன்.

"அதாங்க பயமா இருக்கு" என்றார்.

மைதானத்துக்குள் போனதும் அவர் சொன்னது புரிந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது, தகரக் கூரை போட்ட ஒரு பக்கம் மட்டும் நிழல். அந்த நிழலில் அரியலூர் ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்த ஆட்டத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு ஆசைதான்: குரும்பலூர் ஏறிவிடக்கூடாது. ஆகவே பாதிப்பேர் ஜெயங்கொண்டத்துக்குக் கை தட்ட வந்திருந்தார்கள். சொந்த அணி தோற்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் கத்த, அந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று எதிரிகள் நாங்கள் கத்த, நடுவில் சரவணன்.

"நான் எங்க டீமுக்குத்தான் தட்டப்போறேன். அதுல ஒனக்கு நல்லது நடந்தா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவருடைய பழைய நண்பர்கள் அங்கிருந்து அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அது மரியாதைக் கும்பிடு இல்லை.

ஆட்டம் தொடங்குமுன் ஆசிப் கம்பி வேலி ஓரம் வந்தான். என்னைப் பார்த்து, "வாங்கக்கா, எப்ப வந்தீங்க?" என்றான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"அத்தா, இங்கதான் உக்காரப் போறீங்களா?"

"எப்பவும் உக்கார்ற ஆளுங்க இங்கதானடா இருக்காங்க."

"சரி. ஆனா நான் கோல் விடமாட்டேன், சொல்லிட்டேன்."

"விடாத. யாரு விடச் சொன்னா?"

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அவன் போன பிறகு பாய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

நான்கு மணிக்கு விசில். அரியலூர் அணியில் ஒரு முன்கள ஆட்டக்காரர் உண்டு, சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர், டிப்பர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சென்ற பருவத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரரின் மூக்கை முழங்கையால் உடைத்தவர். அவர் பெயரைக் கேட்டாலே நாங்கள் ஊளையிடுவோம். இடைவேளைக்குச் சற்று முன் அவர் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். பதினாறு நீலச் சட்டைகளும் "டிப்பர், டிப்பர்" என்று ஆடினோம். அவர் திரும்பி எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இடைவேளைக்குப் பிறகு ஜெயங்கொண்டம் சமன் செய்தது. நிழல் பக்கத்தில் விசில் பறந்தது. அதற்கப்புறம் ஆட்டம் முழுவதும் ஆசிப்தான். இடது மூலைக்குப் போன பந்தைத் தட்டிவிட்டான். காலடியில் விழுந்து ஒன்றைப் பிடுங்கினான். தலைக்கு மேலே போன ஒன்றை விரல் நுனியால் கம்பத்துக்கு மேல் தள்ளினான். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் தலையில் கை வைத்தோம். பாய் மட்டும் மெல்ல "மாஷா அல்லாஹ்" என்றார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க, வாய்ல வந்துருச்சு" என்றார்.

"நல்லாத்தான பாய் புடிச்சான்" என்றேன். எனக்கே என் குரல் விசித்திரமாக இருந்தது. நான்கு ஆண்டு அவன் பிடித்தபோதெல்லாம் எழுந்து கத்தியவள் நான். கை தானாகத் தட்டப் போகும், இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஜெயங்கொண்டம் தடுப்பாட்டக்காரர் ஒருவர் டிப்பரைக் கோலுக்கு முன்னால் இழுத்துச் சாய்த்தார். ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார். யாரும் தகராறு செய்யவில்லை, அவ்வளவு தெளிவாக இருந்தது.

பந்தை வைத்தவர் டிப்பர். நிழல் பக்கத்திலிருந்து அவருடைய சொந்த ஊர்க்காரர்களே, "வெளிய அடிங்கண்ணே, குரும்பலூரு ஏறிடும்" என்று கெஞ்சினார்கள். சரவணன் எழுந்து நின்று, என் வாழ்க்கையில் நான் கேட்டிராத குரலில், "யோவ், அவரு நம்ம ஆளுய்யா, சும்மா இருங்கய்யா" என்று அவர்களைப் பார்த்துக் கத்தினார். டிப்பர் யார் பக்கமும் திரும்பவில்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

ஆசிப் சரியான பக்கம்தான் பாய்ந்தான். பந்து அவன் விரலில் பட்டது, கம்பத்தின் உள்பக்கம் பட்டது, உள்ளே போனது.

நான் குதித்தேன். மறைக்க ஒன்றுமில்லை, தொண்டை கிழியக் கத்தினேன். பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன். பாய் உட்கார்ந்தபடியே இருந்தார். கண் திறந்திருந்தது. ஆசிப் புல்லில் குப்புறக் கிடந்தான். ஒருவர் பின் ஒருவராக எங்கள் வரிசை முழுவதும் உட்கார்ந்தது. கடைசி விசில் அடித்தபோது முதல் டிவிஷனுக்கு ஏறிய அணியின் ரசிகர்கள் பூசை நடக்கிற இடம் போல அமைதியாக இருந்தோம்.

ஆசிப் தன் அணியினர் ஒவ்வொருவரிடமும் போய்க் கை கொடுத்தான். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டு நேராக எங்கள் வேலிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. அவனே பேசினான்.

"நாலு வருஷம் புடிச்சுப் புடிச்சுப் பாத்தேன், ஒங்கள ஏத்த முடியல. ஒரே ஒரு பந்த விட்டேன், ஏறிட்டீங்க."

சிரிப்பு வெடித்தது. வேலிக்கு மேலே எத்தனை கைகள் அவன் தலையைத் தடவின என்று எனக்குத் தெரியாது. பாய் எழுந்து வந்து அவன் விரலைப் பிடித்துப் பார்த்தார். நடுவிரல் வீங்கியிருந்தது.

"நீ விடலடா, தொட்டுட்டுத்தான் போச்சு. நான் பாத்தேன்" என்றார்.

"கண்ண மூடிட்டு இருந்தீங்க அத்தா. அங்கேருந்தே தெரிஞ்சுச்சு."

"அடிக்கறப்ப தொறந்துட்டேன்."

திரும்பும் வேனில் அவர் வரவில்லை. மகனோடு பைக்கில் ஜெயங்கொண்டம் போய்விட்டார். நானும் சரவணனும் அதில் போகவில்லை. அரியலூரில் சரவணன் வீட்டில் தங்கினோம். மாமியார் நீலச் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொன்னார், அப்புறம் நல்ல மீன் குழம்பு போட்டார்.

திங்கள் காலை அரியலூர் பேருந்து நிலையத்திலிருந்து ஜெயங்கொண்டம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத்தில் கங்கைகொண்ட சோழபுரம். வழியெல்லாம் முந்திரித் தோப்பு. கோயிலை நான் வருணிக்கப்போவதில்லை, போய்ப் பாருங்கள். எட்டு மணிக்குள் போனால் கல் தரை சுடாது, புல்வெளியில் உட்காரலாம். பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஆசிப்பும் பாயும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். விரலில் கட்டுப் போட்டிருந்தது. எங்கள் கிளப்பிலிருந்து காலையிலேயே அவனுக்குப் போன் வந்ததாம். முதல் டிவிஷனுக்கு நல்ல கோல்கீப்பர் வேண்டும், திரும்பி வா என்று.

"என்ன சொன்ன?" என்றேன்.

"முடியாதுன்னுட்டேன்க்கா. தோத்த மறுநாளே சட்டைய மாத்துனா இந்தப் பசங்க மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

ப்ளூ பாய்ஸ் ரசிகையாக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஏனோ அந்த டீ மிகவும் ருசித்தது. பாய் மகனுடைய தட்டில் இன்னொரு வடையை எடுத்து வைத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அரியலூருக்கு உண்டு. நாங்கள் திரும்பியது அரியலூரில் ரயில் ஏறித்தான், பேருந்தைவிட இடுப்புக்கு நல்லது. திருச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் பாடாலூரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வரலாம். சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், அதற்கேற்ப நாளைப் பாருங்கள். லீக் ஆட்டங்கள் மார்கழி முதல் மாசி வரை, பெரும்பாலும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. தொப்பி கட்டாயம். நிழல் பக்கம் எப்போதும் உள்ளூர்க்காரர்களுக்கு.

ஒன்று மட்டும் முக்கியம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும், பக்கத்தில் இருப்பவருடைய பிள்ளை எந்த அணியில் ஆடுகிறான் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.