இக்லேசியாவும் என் இங்கிலீஷும்

ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரையில் நடந்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். வயதான வெளிநாட்டு அம்மாள் ஒருவர் வழிமறித்து, "இக்லேசியா?" என்றார்.

எனக்கு "இங்கிலீஷா?" என்று காதில் விழுந்தது. பெருமையாக, "யெஸ், இங்கிலீஷ்!" என்றேன். அவர் முகம் மலர்ந்து தலையாட்டினார். அது போதாதா? ஊர் வரலாறு முழுவதையும் ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டு முடித்தவர் மறுபடியும், "இக்லேசியா?" என்றார்.

சரி, என் ஆங்கிலம் இவருக்குப் பத்தவில்லை என்று முடிவு செய்தேன். நான் குடியிருக்கும் சாரம் பகுதியில், எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாளைப் பின்னால் உட்காரவைத்து அங்கே கொண்டுபோனேன். வழிநெடுக அவர் சிலுவை போட்டுக்கொண்டே வந்தார். என் வண்டி ஓட்டும் லட்சணம் அப்படி என்று எண்ணிக்கொண்டேன்.

"சார், இந்தம்மாவுக்கு நல்ல இங்கிலீஷ் வேணுமாம்."

பெரியவர் அவரிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்கிலீஷ் இல்லப்பா, இக்லேசியா. ஸ்பானிஷ்ல சர்ச்சு. போர்ச்சுகீஸ்ல இக்ரேஜா. பிரெஞ்சுல எக்லீஸ். நீ அஞ்சு வருஷம் பிரெஞ்சு படிச்சேன்னு சொல்லுவியே?"

படித்தேன். பரீட்சையில் அந்தச் சொல்லை எழுதியும் இருக்கிறேன்.

"எல்லாம் கிரேக்கத்துல இருந்து வந்ததுதான். அங்க கோயிலுக்கே அந்தப் பேர் இல்ல. கூப்பிட்டதும் ஊர் ஜனங்க ஒண்ணா கூடுறாங்க பாரு, அந்தக் கூட்டத்துக்குப் பேரு. அப்புறந்தான் கட்டடத்துக்கு ஒட்டிக்கிச்சு. சீக்கிரம் கூட்டிட்டுப் போ, பூசை ஆரம்பிச்சிடும்."

ஸ்கூட்டரைத் திரும்ப விரட்டினேன். அம்மாள் முதலில் என்னை வழிமறித்த இடத்திலிருந்து சர்ச் இரண்டே தெரு தள்ளி இருந்தது.

உள்ளே தமிழ்ப் பூசை. அவர் என் கையைப் பிடித்து என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது; மற்றது எதுவும் தெரியவில்லை. அவரைப் பார்த்துப் பார்த்தே செய்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாமியாரின் பிரசங்கத்துக்கு நடுவே அம்மாள் எழுந்தார். நானும் பக்தியோடு எழுந்து கைகூப்பினேன். அவர் மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அத்தனை பேர் நடுவில் நான் ஒருவன் மட்டும் நின்றிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு பெண், "உக்காருங்க சார், சாமியார மறைக்குது" என்றார்.