விரலைப் பார்த்துக் கேட்டவர்கள்

என் செவிக்குறை முதன்முதலில் சமையலறையில் வெளிப்பட்டது. குக்கருக்கு அருகிலேயே அமர்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்த என் மனைவி வசந்தா, "இன்னாய்யா, அது அலறிக்கினு கீது, நீ பேப்பர் படிச்சிக்கினு கீற? காதுல இன்னா, பஞ்சா?" என்று கத்தினாள்.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். அங்கே எவரும் காதை நம்பிப் பேசுவதில்லை. கையசைவும் உதட்டசைவுமே மொழி. அப்பழக்கத்தினாலேயே என் குறை எவர் கண்ணிலும் படாமல் வளர்ந்திருந்தது.

பின்னர் எங்கள் மண்ணூருக்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழு வந்தது. மருத்துவர், ஒலியளக்கும் அறிவியலார், சட்டம் பயிலும் பெண், இரைச்சலில் மனிதர் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர் என ஆராயும் தொடர்பியலார், எல்லோரும் ஒரே வேனில் வந்திறங்கினர். எனக்கு ஆடியோகிராம் (எவ்வொலி எந்த அளவு கேட்கிறது எனக் காட்டும் வரைபடம்) எடுத்தனர். உட்செவியின் மயிர்ச்செல்கள் (ஒலியை நரம்புக்குக் கடத்துபவை) மடிந்துவிட்டன, மீண்டும் முளைக்கமாட்டா என்றார் மருத்துவர் அம்மையார். செவித்துணைக் கருவி அணியச் சொன்னார்.

அடுத்து என் மகன் சேகர் அமர்ந்தான். அவனும் பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியவன். அதற்கு மருத்துவத் தகுதிச் சோதனை உண்டு. அம்மையார் எதிரே அமர்ந்து விசையை அழுத்தி எழுப்பிய ஒவ்வோர் ஒலிக்கும் தவறாமல் தன் பொத்தானை அழுத்தினான். என் மனம் குளிர்ந்தது.

அம்மையார் அவன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னார்.

அதன்பின் சேகரின் கட்டைவிரல் வெகுநேரம் அசையவேயில்லை.

"இவ்ளோ நேரம் என் விரலைப் பார்த்துத்தானே அமுக்கினீங்க?" அவர் உதட்டில் அதைப் படித்தேன்.

சேகர் சிரித்தான். "லைன்ல அல்லாரும் அப்டித்தான் மேடம் பாஸ் பண்றது. இந்த ரிப்போர்ட் கம்பெனிக்குப் போவுமா?"

"உங்க கையெழுத்து இல்லாம யாருக்கும் போகாது" என்றார் சட்டம் பயிலும் பெண்.

"அப்ப வேணாம். நீ இன்னாப்பா மொறைக்கிற? பர்மனென்ட் ஆவட்டும், அப்பால பாத்துக்கலாம்."

"பின்னாடி லோடு தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்தா உனக்குத் தெரியுமாடா?" என்றேன்.

அவன் எழுந்து முகம் கழுவப் போனான்.

தகுதிச் சோதனையில் தேறி நிரந்தரமானான். வசந்தா தெருவுக்கே லட்டு கொடுத்தாள். என் பங்கை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

இக்குறை தம் இல்லத்திலும் எவருக்கேனும் இருக்குமோ என ஐயுறும் அன்பர்களே, அவருக்குப் பின்னால் நின்று மெல்லப் பெயர் சொல்லி அழையுங்கள். முகத்துக்கு நேரே கேட்டால் உண்மை தெரியாது.

கருவி அணிந்தபின் பல்லியின் சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. ஆயினும் இச்செவி எனக்காகக் கேட்பதாகத் தோன்றவில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் சேகர் தொலைக்காட்சியைப் போடுகிறான். தீபாவளிக்கு அவனுக்குப் போதுமாயிருந்த ஒலி பொங்கலுக்குப் போதவில்லை. என் காலம் இப்போது அவ்வாறே நகர்கிறது.

நேற்று மீண்டும் ஒலியைக் கூட்டினான். நான் என் கருவியின் ஒலியைக் குறைத்துக்கொண்டேன்.