அண்ணியின் தூசி ரூம்

என் அண்ணனுக்குக் கல் பட்டறையில் வேலை. பெரிய பெரிய கிரானைட் பலகைகளை அறுத்து, ஓரம் தேய்த்து, சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் அனுப்புகிற பட்டறை அது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஆளே வெளுத்துப்போய் வருவான். புருவம், காது மடல், சட்டைப் பை, எங்கே தட்டினாலும் கல் மாவு பறக்கும். "மாவு மில் முதலாளி வந்துட்டாரு" என்று நான் கிண்டல் செய்வேன். அண்ணி சிரிக்க மாட்டாள். அவளுக்கு அந்தத் தூசி ஜென்மப் பகை.

காரணம் சிட்டு. அவர்களுடைய ஒரே பெண். சிட்டு என்பது நான் வைத்த செல்லப்பெயர், அதுவே ஒட்டிக்கொண்டது. பால் குடிக்கிற வயதிலேயே அவளுக்கு மூச்சு இழுப்பு. அப்பா வந்து ஆசையாகத் தூக்கினால் போதும், குழந்தையின் நெஞ்சு உள்ளே போய்ப் போய் வரும். தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணன் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டான். விட்டுவிட்டு என்ன செய்வான்? அவனுக்குக் கல்லைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

"வேலைய விட வேணாம். தூசி வாசலோட நிக்கணும், அவ்வளவுதான்," என்றாள் அண்ணி.

"அது என்ன, வெளியே நில்லுன்னா நிக்கறதுக்கு உங்க புருஷனா?" என்றேன்.

"நிறுத்திக் காட்டறேன் பாரு, வாயாடி."

அவள் என்னைக் கூப்பிடுவதே அப்படித்தான். சொன்னதைச் செய்யாமல் விடுகிற ஆளும் இல்லை.

வீட்டின் பின்வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு குறுகலான இடம் இருந்தது. உடைந்த நாற்காலி, காலி டப்பா, துருப்பிடித்த சைக்கிள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அண்ணி அதை ஒழித்துப் போட்டுவிட்டுத் தையல் டேப்பால் அளந்தாள். தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். அண்ணனைப் பின்வாசலுக்கு வெளியே அனுப்பி, வேலையிலிருந்து வருவதுபோல் உள்ளே வரச் சொன்னாள். "உக்காருங்க. பூட்ஸ கழட்டுங்க. இப்ப எந்திரிங்க. கை எங்க போகுது? அங்கதான் கொக்கி." அவன் நாடக ஒத்திகைக்கு வந்தவன் மாதிரி திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்து எழுந்தான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கடைசியில் அந்த இடம் ஓர் அறையாகிவிட்டது, அழகான அறை. உட்காரச் சின்னதாய் ஒரு பெஞ்சு, அதன் மேல்பலகையைத் தூக்கினால் அழுக்குத் துணி போடும் பெட்டி. பெஞ்சுக்குக் கீழே செருப்பு ராக், நான் வேலை பார்க்கும் செருப்புக் கடையில் கழித்துப் போட்டதைக் கெஞ்சி வாங்கி வந்தது. மூலையில் தாழ்வான தொட்டியும் குழாயும். சுவருக்குத் துடைத்தால் போய்விடுகிற மாதிரி இளநீல ஆயில் பெயின்ட். தரைக்குப் பட்டறையில் மிச்சமான கல் துண்டுகள். கறுப்பு, சிவப்பு, சாம்பல் என்று எல்லாவற்றையும் கலைத்துக் கலைத்து வைத்துப் பார்த்து, தன் மனசுக்குப் பிடித்த பிறகுதான் பதிக்கவிட்டாள். சமையலறைக் கதவின் அடியில் ரப்பர் பட்டை வைத்தாள். பெஞ்சுக்கு எதிரே ஒரு தேக்குப் பலகை. அதில் அண்ணனுக்கு உயரமாக ஒரு கொக்கி, சிட்டு பள்ளிக்கூடம் போகிறபோது பை மாட்டத் தாழ்வாக ஒன்று.

"உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நான் எங்க போறேன்? வீட்லயே கெடக்கறவளுக்குக் கொக்கி ஒரு கேடா?"

ஒரே ஒரு இடத்தில்தான் கொத்தனார் தயங்கினார். அந்த அறைக்கு ஒரு சன்னல் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே சிட்டு தூங்கும் அறையின் சன்னல். இந்தப் பக்கம் உதறுகிற தூசி அந்தப் பக்கம் போய்விடும் என்று அண்ணி இதைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னாள்.

"காத்து வேணாமாம்மா? புழுங்கிப் போயிடுமே."

"காத்து வந்தா தூசியும் கூட வரும்ணே. அடைச்சிடுங்க."

நானும் அங்கேதான் நின்றேன். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. யாருக்குமே வேறு மாதிரி தோன்றவில்லை.

அறை வேலை செய்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். அண்ணன் பின்வாசல் வழியே வருவான், உட்காருவான், எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டிக்குள் போடுவான், கை கால் தலை கழுவி மாற்றுத்துணி உடுத்திக்கொண்டு உள்ளே போவான். மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள். இழுப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. வருஷா வருஷம் அவள் வளர வளர அண்ணி அந்தச் சின்னக் கொக்கியைக் கழற்றி மேலே மாட்டினாள். பலகையில் பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் ஏணிப்படிபோல் நின்றன. ஒரு நாள் சிட்டு ஓட்டப்பந்தயத்தில் கோப்பையோடு வந்தாள். அன்றைக்கு அண்ணி தூசி ரூம் பெஞ்சில் உட்கார்ந்து தனியாக அழுதாள். சந்தோஷ அழுகைதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், அவரவர் வீட்டிலும் பெஞ்சும் கொக்கியும் வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் உள்ளே போன பிறகு அந்த அறையில் என்ன நடந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. கல் மாவு படிந்த துணியை அப்படியே தண்ணீரில் போட்டால் களியாகி ஒட்டிக்கொள்ளும், சாக்கடையும் அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் காய்ந்தபடியே உதறி, பிரஷ் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும். வெளியே உதறினால் சிட்டுவின் சன்னல். ஆகவே அண்ணி இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து உதறுவாள். தினமும். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். வெளியே வரும்போது அண்ணன் முன்பெல்லாம் இருந்த மாதிரி அவள் புருவம் வெளுத்திருக்கும். அதற்கும் நான் கிண்டல்தான் செய்தேன்.

இருமல் வந்தது. சளி என்றாள், பிறகு வயசாகிறது என்றாள். அரிசி மூட்டையைத் தரதரவென்று இழுத்துப்போகிறவள், ஒரு குடத்தைத் தூக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிட்டுதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நானும் போனேன். டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கல்லு வேலைக்கு எவ்வளவு வருஷமா போறீங்கம்மா?"

அண்ணி சிரித்தே விட்டாள். "நானா? அவருதாங்க போறாரு. நான் வீட்ல சும்மாதாங்க இருக்கேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டில் துணி துவைப்பது யார், எங்கே, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணி அறையைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். சன்னலை அடைத்த இடம் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் போன கல் மாவு போனதுதான், எடுக்க வழியில்லை, இனிமேல் சேராமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார் அவர்.

அண்ணனையும் சோதித்தார்கள். அவனுக்கும் கொஞ்சம் இருந்தது, ஆனால் அண்ணிக்கு இருந்ததில் கால்வாசிகூட இல்லை. பட்டறையில் தண்ணீர் ஊற்றித்தான் அறுப்பார்கள், ஓரம் தேய்க்கும்போதுதான் தூசி பறக்கும், அதுவும் நாலு பக்கமும் திறந்த கொட்டகையில். அந்தக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழாயும் உண்டு. அங்கேயே குளித்து, அங்கேயே துணியை அலசிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சுத்தியலை எடுத்து, அடைத்த சன்னலை உடைத்தான். நீலச் சுவரில் பெரிய பொக்கை விழுந்தது. "பெயின்ட் போச்சே," என்றாள் அண்ணி. அதற்கு மேல் அவன் எதிரில் அவள் எதுவும் சொன்னதில்லை. "என் பொண்ணு மூச்சு விடுதுல்ல, விடு," என்று என்னிடம் மட்டும் ஒரு தரம் சொன்னாள்.

இப்போது அவன் பட்டறையிலேயே குளித்துவிட்டு வருகிறான். பெட்டி காலியாகக் கிடக்கிறது. அண்ணிதான் அடிக்கடி வெளியே போகிறாள், ஆஸ்பத்திரிக்கு. மாத்திரை, நெஞ்சுப் படம், தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்த ஒரு துணிப்பை. அதை எங்கே வைத்தோம் என்று ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருந்தது. போன வாரம் அண்ணன் ஒரு புதுக் கொக்கி வாங்கி வந்தான். அவளை நிற்க வைத்து, உயரம் பார்த்து, தன் கொக்கிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று மாட்டினான்.

"பையை மாட்டிப் பாரேன்," என்றான்.

அவள் பையைத் தூக்கினாள். தோள் வரைக்கும்தான் கை போனது. மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே நின்றான்.

"இன்னும் கீழ வைங்க," என்றாள். "புதுசா ஓட்டை போடாதீங்க, நல்ல பலகை. அந்தப் பழைய ஓட்டையிலயே முறுக்குங்க. ஆக அடியில இருக்கே, அது. உக்காந்தபடியே எட்டும்."

சிட்டு முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது அவளுடைய பை தொங்கிய ஓட்டை அது. அண்ணன் மண்டி போட்டு உட்கார்ந்து, அதில் கொக்கியை முறுக்கினான்.