மிளகாய்க்கடை மாதா

நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்தால் எனக்குத்தான் கூச்சம். இன்று காலை ஒரே மாதா படத்தைப் புத்தாண்டு வாழ்த்தோடு பதினோரு பேர் செல்பேசியில் அனுப்பியிருந்தார்கள். அதில் நாலு பேர் யாரென்றே தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

அந்த நீல முக்காட்டு மாதாவை எனக்கு முன்பே தெரியும். சிவகாசிக் காலண்டர் கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். அச்சு மை வாசனை சட்டையிலேயே குடியிருந்த காலம். விருதுநகர் மிளகாய்க்கடை அண்ணாச்சி முருகன் படம் கேட்டார். சாத்தூரில் மருந்துக்கடை வைத்திருந்த ரோஸி அக்கா மாதா படம் கேட்டார். நான் ஆர்டர் தாளில் பட எண்களை மாற்றி எழுதிவிட்டேன். மாதாவுக்குக் கீழே மிளகாய்க்கடை. முருகனுக்குக் கீழே மருந்துக்கடை. கட்டுகள் இரண்டு கடையிலும் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. டிசம்பர் கடைசி, மறுபடி அச்சடிக்க மெஷின் காலியில்லை.

“ரெண்டு பேரும் வாங்கிக்கிட்டா வேலைக்கு வா. இல்லேன்னா அங்கனயே இருந்துக்கோ” என்றார் முதலாளி. என் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பெண் வீட்டார் பார்த்தது என் முகத்தை அல்ல, அந்த வேலையை.

மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அழுகிறேன் என்று அண்ணாச்சி நினைத்திருக்கலாம், நானும் மறுக்கவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

“சாத்தூர் ஆர்டர் யாருதுலே?”

“ரோஸி அக்கா மருந்துக்கடை, அண்ணாச்சி.”

“நர்ஸா இருந்தாகளே, அவுகளா?” போனை எடுத்தார். “அக்கா, சாப்பிட்டீகளா? ஒங்க பேரு போட்ட முருகன் அம்புட்டையும் இங்கன அனுப்புங்க. எங்க ஆளுகளுக்கு நான் குடுக்கேன். எங் கடை பேரு போட்ட மாதாவை நீங்க கோயில்ல குடுத்துருங்க.”

அவ்வளவுதான். தலைப்பிரசவத்தில் அண்ணாச்சி மனைவி பிழைப்பதே கஷ்டம் என்றிருந்தபோது, ரோஸி அக்கா இரண்டு நாள் வீட்டுக்கே போகாமல் கட்டிலருகே இருந்தாராம். கடைக்காரப் பையன்கள் பிறகு சொன்னார்கள். எனக்கோ அவர்கள் ஆர்டர் புத்தகத்தில் இரண்டு வரிகள். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இப்படியொரு கயிறு ஓடியதையும், அதில் என் வேலையும் கல்யாணமும் தொங்கியதையும் நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது. அந்த வருடம் முழுக்கச் சாத்தூர் வீடுகளில் மாதாவின் காலடியில் மிளகாய் வற்றல் வியாபாரம் நடந்தது.

இப்போது ரோஸி அக்கா இல்லை. அண்ணாச்சி காலண்டர் போடுவதில்லை. அடுத்தவர் கடைப் பெயரைத் தன் வாடிக்கைக்காரர் வீட்டில் மாட்டச் சொல்லும் வியாபாரியையும் பிறகு நான் பார்க்கவில்லை. போன மாதம் அண்ணாச்சியைப் பார்த்தபோது நெகிழ்ந்துபோய், “அன்னைக்கு எனக்காக எம்புட்டுப் பெரிய காரியம் செஞ்சீக” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதுல நீ எங்கனலே வந்தே?”