வலது கால்

உப்பளத்து வீட்டில் நானும் என் கொழுந்தன் மனைவியும் ஒரே சமயத்தில் மாசமாக இருந்தோம். எங்கள் நடையைப் பார்த்தே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சின்னவ படியேறும்போது வலது காலத்தான் எடுத்து வைக்கிறா. பையன்தான். பெரியவளுக்குப் பொண்ணு."

அன்று முதல் வைத்திக்குப்பத்திலிருந்து வரும் வஞ்சிரத்தில் நடுத்துண்டு அவள் தட்டுக்குப் போனது. எனக்கு வால் துண்டு. எனக்கு வயிறு எரிந்தது. மசக்கையில் அவள் மீனை ஒதுக்கி வைத்தால் இன்னும் எரிந்தது.

ஒரு மதியம் மாமியார் வீட்டில் இல்லை. சின்னவள் மாடிப்படியில் தனியாக நின்றிருந்தாள். இடது காலை எடுத்து வைத்தாள். சட்டென்று இறங்கி, வலது காலை வைத்து மறுபடி ஏறினாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தகிட்ட சொல்லிடாதக்கா. எனக்கு எடது கால்தான் முன்னாடி வருது. பயமா இருக்கு, அதான் பழகிக்கிறேன்."

நான் சொல்லவில்லை. மறுநாள் முதல் நானும் வலது காலை எடுத்து வைத்தேன். மாமியார் கவனிக்கவே இல்லை.

இருவருக்கும் பெண்ணே பிறந்தது. பால் ஊற வேண்டுமென்று மாமியார் இருவருக்கும் ஒரே சட்டியில் சுறாப்புட்டு கிளறினார். அப்போதும் என் கண் அவள் தட்டுக்குத்தான் போனது.